தியான வட்டத் தலைவர் போனை எடுக்கிறார்

தியானம் செய்கிறவர்கள் ஒரு ரகம். தியானம் செய்ததைச் சொல்கிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கேயாவது ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாவது ரகத்திடமிருந்து நீங்கள் தப்பித்திருக்கவே முடியாது. கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்து இலை அவருடையதுதான். நீங்கள் பேசாமல் சாம்பாரை ஊற்றிக்கொள்ளும்போது, "நான் இப்பல்லாம் ருசியைக் கவனிக்கிறதே இல்ல" என்று காதோரம் சொல்லிவிட்டு, பாயச வாளிக்காரரை மறுபடியும் கூப்பிடுவார். கால் மணி நேரம் கண்ணை மூடினால் அதைச் சொல்ல முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். அந்த முக்கால் மணியில் நீங்கள் கண்ணை மூடினால் மட்டும் கோபம் வந்துவிடும். இவருக்கு அனுபவஸ்தர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

சுங்கை பட்டாணி ஊர் அனுபவஸ்தர்களில் முதல் நாற்காலி குழந்தைவேலுவுக்கு. டவுனில் துணிக்கடை, பாக்கார் ஆராங்கில் வரிசை வீடு, நெற்றியில் எப்போதும் ஈரம் காயாத விபூதி. எண்பத்து நாலாம் வருஷம் அவர் வீட்டுக்குப் போன் வந்தது. அதே வாரம் தியானமும் வந்தது. எது எதற்காக வந்தது என்று அவர் மனைவி அம்சவள்ளியைக் கேட்டுப் பாருங்கள், புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அவர் தலைவராக இருந்து நடத்திய தியான வட்டத்தின் ஏற்பாடு இதுதான். காலையில் எல்லாரும் அவரவர் வீட்டில் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். எழுந்ததும் தலைவர் கேதரின் டீச்சருக்குப் போன் போட்டுத் தன் அனுபவத்தைச் சொல்வார். டீச்சர் பாலிங்கில் இருக்கும் ராமையாவுக்குப் போட வேண்டும். கடைசி ஆளான ராமையா தலைவருக்குப் போட்டுக் கணக்கை முடிக்க வேண்டும். கேதரின் டீச்சர் ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கர். சும்மா உட்காருவது பாவமில்லையே என்று பங்குச் சாமியாரிடம் கேட்டுக்கொண்ட பிறகே சேர்ந்தவர். ராமையா ரப்பர் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர்; மேலே இருப்பவருக்குப் பிடித்த மாதிரி ரிப்போர்ட் கொடுத்துப் பழகியவர்.

தலைவர் நீல ஒளி கண்டார். மறுநாளே டீச்சரும் ஒளி கண்டார், ஆனால் மரியாதைக்குக் கொஞ்சம் மங்கலாக. ராமையாவுக்கு ஒளி கிடைக்கவில்லை, தூரத்தில் ஒரு மணியோசை கேட்டது. தலைவரைவிடப் பெரிதாக யாரும் எதையும் பார்த்ததில்லை. வட்டம் அமோகமாக நடந்தது.

இப்படி இருக்கையில் தலைவர் புதுக் காடி வாங்கினார். பிள்ளையார் கோயிலில் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. இருந்தாலும் மனசு கேட்குமா? சயாம்காரர்களின் புத்தர் கோயில் தண்ணியும் தெளித்துவிட்டால் நல்லது என்று பாலிங் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். அங்கே மொட்டைத் தலையும் வெள்ளை உடுப்புமாக ஒரு பெண் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். தமிழ் முகம்.

"எந்தக் கோயிலுக்கும்மா வேண்டுதல்?" என்றார்.

"வேண்டுதல் இல்லண்ணே. நான் இங்கேயே பிக்குணியா இருக்கேன்."

பெயர் சிகப்பி. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள், இந்த வாழ்க்கைக்கு வந்து வெகுகாலமாகிவிட்டது. தலைவர் சும்மா இருப்பாரா? காடிமேல் தெளித்த தண்ணி காய்வதற்குள் வட்டத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். அவள் கூட்டுவதை நிறுத்தினாள்.

"நெசமாவே எல்லாரும் ஒரே நேரத்துல உட்கார்றீங்களாண்ணே?"

"பின்னே?"

"என்கூட ஒரு பெரியம்மா இருந்தாங்க. சயாம்காரங்கதான், பேச்சு அவ்வளவா புரியாது. ஆனா தெனமும் பக்கத்துப் பாய்ல உட்காருவாங்க. போன மழையில செத்துப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் தனியா உட்கார முடியலண்ணே. பாயைப் பார்த்தாலே எழுந்திரிச்சிடுறேன். கூட ஒரு ஆள் இருந்தா போதும்."

இதில் தலைவர் காதில் விழுந்தது பிக்குணி என்ற ஒரு சொல்தான். பினாங்கு வட்டத்தில் இப்படி ஒரு ஆள் உண்டா? ஈப்போவில் உண்டா? அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். கோயில் சரிவுக்குக் கீழே மணியத்தின் மளிகைக் கடையில் போன் இருந்தது. ராமையா அவளை அதில் கூப்பிடுவது, பிறகு அவள் தலைவரைக் கூப்பிட்டு வட்டத்தை முடிப்பது என்று ஏற்பாடு.

முதல் நாள் தலைவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். "சொல்லுங்க சாமியம்மா, என்ன தெரிஞ்சது?"

"முழங்கால் வலிச்சதுண்ணே."

"அப்புறம்?"

"வலது பக்கம்."

"அதுக்கும் மேல?"

"எழுந்திரிச்சிட்டேன். அங்க மழையா?"

மறுநாளும் முழங்கால். அதற்கடுத்த நாள் கொசு. நீல ஒளியைக் கண்ட மனிதர் கொசுவை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அதைவிடக் கொடுமை, இது தொற்று நோயாகப் பரவிற்று. "தலைவரே, உண்மையைச் சொல்லணும்னா நேத்து நான் தூங்கிட்டேன்" என்றார் கேதரின் டீச்சர். ராமையா தன் மணியோசை தெருவில் போகும் ரொட்டிக்காரருடையது என்று ஒப்புக்கொண்டார். தலைவருக்கு நாற்காலி ஆடுவது தெரிந்தது. அன்று அவருக்குத் தோசை இறங்கவில்லை.

ஆனால் அனுபவஸ்தர் லேசில் சாய்கிற ஆள் இல்லை. அடுத்த நாள் காலை அறிவித்தார்: "எனக்கு ரெண்டு முழங்காலும் வலிக்குது. அகங்காரம் முழங்கால்லதான் குடியிருக்கு. வெளியேறும்போது அப்படித்தான் வலிக்கும்."

அவ்வளவுதான். நீல ஒளி மலையேறிற்று, முழங்கால் அரியணை ஏறிற்று. ராமையாவுக்கு இடுப்பு சேர்ந்துகொண்டது. டீச்சர் ஒருபடி மேலே போய், "எனக்கு வலியைச் சொல்லக்கூடத் தகுதியில்ல, நான் வெறும் தூசி" என்றார். "நீங்க தூசின்னா நான் அந்தத் தூசில ஒட்டின தூசி லா" என்றார் ராமையா. இரண்டும் தலைவர் காதுக்கு வந்தபோது அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தலைவர் இருக்கும்போது இவர்கள் எப்படி அவரைவிடச் சின்னவர்களாக இருக்கலாம்?

இந்த அமளியில் யாராவது சிகப்பியை, "இப்ப உட்கார முடியுதாம்மா?" என்று கேட்டார்களா? பாலிங்கிலேயே இருக்கும் ராமையாவாவது ஒரு பாயைத் தூக்கிக்கொண்டு போனாரா? போகவில்லை. போனால் போன் பேச முடியாதே.

ஒரு நாள் அவளே கேட்டாள். "அண்ணே, இன்னிக்குச் சொல்றதெல்லாம் வேணாம். போனைக் காதுல வச்சுக்கிட்டு நாம ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா உட்காரலாமா? உங்க மூச்சு கேட்டா போதும். பெரியம்மா பக்கத்துல இருந்த மாதிரி இருக்கும்."

தலைவர் பூரித்துப் போனார். சம்மணம் போட்டார். அடுப்படியிலிருந்து அம்சவள்ளிக்குத் தெரிகிற மாதிரி கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தார். கண்ணை மூடியதுமே, இதை டீச்சரிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்ற யோசனை வந்துவிட்டது. மௌன தீட்சை என்று சொல்லலாமா? சொல்லலாம். அந்தப் பக்கம் கோழி கொக்கரித்தது. யாரோ சீனி கேட்டார்கள். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் மூச்சு மெதுவாக வந்து போயிற்று. ஒரு கணம் தலைவருக்குச் சொல்வதற்கு எதுவுமே இல்லை. அவர் பயந்து போனார்.

"ஹலோ? சாமியம்மா, லைன் இருக்கா?"

"இருக்கேண்ணே." குரல் எங்கிருந்தோ எழுந்து வந்த மாதிரி இருந்தது.

"அருமையா வருதில்ல? எனக்கு இப்பவே உச்சந்தலையில ஒரு குளிர்ச்சி..." என்று தொடங்கியவர், குளிர்ச்சி கழுத்துக்கு இறங்கியது, அங்கே தங்கியது, அதற்கு மேல்நிலை என்ன, கீழ்நிலை என்ன என்று விளக்கி முடித்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

"அந்தம்மா அப்பவே போயிட்டாங்க லா," என்றது கடைக்கார மணியத்தின் குரல். "நான்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். கிச்சாப் வாங்க ஆள் நிக்குது, வச்சிடட்டுமா?"

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை, ராமையா கூப்பிட்டாலும் கீழே இறங்கி வரவில்லை. என்ன காரணம் என்று கேட்டுவர ராமையா ஒரு காலை கோயிலுக்குப் போனார். சிகப்பி உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பாயில் கோயில் நாய் ஒன்று சுருண்டு படுத்திருந்தது. "இது பரவாயில்லண்ணே, கூடவே இருக்குது" என்றாளாம். அவளுக்கு வேண்டியிருந்தது பக்கத்தில் ஒரு மூச்சு. தூசிக்கும் தூசியான மூன்று பேரால் அதைக் கொடுக்க முடியவில்லை. வெட்கக்கேடு.

குழந்தைவேலுவுக்கு அப்படியெல்லாம் வெட்கம் வரவில்லை. இன்றும் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "ஒரு பிக்குணி எனக்குப் போன்லயே மௌன தீட்சை கொடுத்தாங்க" என்று தொடங்குகிறார். பாயசம் வரும்வரை நிறுத்துவதில்லை.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். ஆனால் இதைப் படிக்கும்போதே, அட, இது நம்ம இன்னார்தான் என்று ஒரு பெயர் ஞாபகம் வந்ததே? இதை உடனே யாருக்காவது சொல்ல வேண்டும் என்று நாக்கு ஊறுகிறதே? நம்பரைச் சுழற்ற விரல் போகிறதா? கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டிலேயே, உங்கள் பக்கத்திலேயே, இவ்வளவு நேரமாக ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள்.