என் தோளுக்கு எட்டு ஈடு இட்லி

இட்லி வேகிற நேரத்தை வைத்து மனுஷ உடம்புக்கு வைத்தியம் பார்த்த ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் ஒத்தட அண்ணன்தான். இல்லை, எங்கள் ஊரிலும் ஒருத்தர் இருந்தார் என்று எந்த வாசகராவது கிளம்பினால் அவரை நேரில் அழைத்து வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

முப்பதுகளில் மலாயாவின் பினாங்கில், டத்தோ கிராமாட் பக்கம் ஒரு சந்தில் அவருடைய இட்லிக் கடை. மேல்மாடியில் கலியாணமாகாத கிராணிகள், அதாவது ஆபீஸ் குமாஸ்தாக்கள், ஏழு பேர் குடியிருந்தோம். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டால், "பேரைத் தெரிஞ்சுகிட்டு என்ன லா செய்யப் போற? எத்தனை இட்லி வேணும், அதச் சொல்லு" என்பார். பேச்சுக்குப் பேச்சு "லா" போடுவது அந்த ஊர்ப் பழக்கம்.

பெரிய பானையில் கீழ்த் தட்டுகளில் இட்லி வேகும். எல்லாவற்றுக்கும் மேல் தட்டில், பழைய கைலியைக் கிழித்து மடித்த சிவப்புக் கட்டத் துணி ஆவியில் கிடக்கும். இட்லிக்கு வெள்ளைத் துணி, வலிக்குச் சிவப்புத் துணி. இரண்டும் ஒருநாளும் மாறியதில்லை என்று அவர் சத்தியம் செய்தார். சாப்பிடுகிற நாங்களும் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. இட்லி வெந்தால் துணியும் பக்குவம். எடுத்து முதலில் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். கன்னம் சரி என்றால் உலர்ந்த துண்டில் சுற்றி, பிடித்துக்கொண்ட இடத்தில் போடுவார். கழுத்துக்கு இரண்டு ஈடு, முழங்காலுக்கு மூன்று, இடுப்புக்கு நாலு. ஒரு ஈட்டுக்கு இருபத்து நாலு இட்லி.

"வெறும் தண்ணியக் கொதிக்க வச்சுத் துணியப் போட்டா ஆகாதாண்ணே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"பக்குவம் எப்படித் தெரியும்? துணி வந்து சொல்லுமா? இட்லி சொல்லும் லா."

ரிக்‌ஷா இழுக்கிற சீனத் தாத்தா ஒருவர் முழங்காலில் துணியோடு உட்கார்ந்திருந்தவர், திடீரென்று "பானாஸ்! பானாஸ்!" என்று மலாயில் அலறினார். சுடுகிறதாம். அண்ணன் பதறிப்போய் முழங்காலில் இருந்த துணியைப் பிடுங்கி எறிந்தார். தாத்தாவோ வாயைக் காட்டிக் காட்டி இன்னும் அலறினார். கள்ளத்தனமாக ஒரு முழு இட்லியை அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு வாயில் போட்டிருக்கிறார்! அன்றைக்கு ஒரு சட்டம் பிறந்தது: வைத்தியம் வாங்குகிறவன் இட்லி தின்னக் கூடாது. "வயித்துல விழுந்தா சூடு அங்கேயே தங்கிடும், மூட்டுக்குப் போகாது" என்று அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்தார்.

இன்னொரு சட்டம் முதலிலிருந்தே உண்டு. ஒரு ஈடு கடைசி இட்லி வரை தின்று தீர்ந்தால்தான் அடுத்த ஈடு அடுப்பில் ஏறும். மிஞ்சினதைக் கொட்டுகிற பேச்சே கிடையாது. சட்டம் போட்ட இந்தப் பெரிய மனுஷரோ இட்லியைத் தொடமாட்டார். தன் வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே எதிர்த்த பாய் கடையில் ரொட்டியும் தேத்தண்ணியும் வாங்கிச் சாப்பிடுவார். "பொழுதன்னைக்கும் அது மூஞ்சியிலதான் முழிக்கிறேன். திங்க வேற வேணுமா?"

இப்போது என் கதைக்கு வருகிறேன். கப்பல் கம்பெனி ஒன்றில், மூன்று மாதம் வேலையைப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்ற நோட்டத்தில் சேர்ந்திருந்தேன். முடிகிற சமயத்தில் சைக்கிளோடு ஈர ரோட்டில் விழுந்தேன். எலும்பு முறியவில்லை, ஆனால் கையைக் கழுத்திலிருந்து தொட்டில் கட்டித் தொங்கவிட்டு வைத்ததில் வலது தோள் இறுகிப்போனது. என் வேலையே தலைக்கு மேல் இருக்கிற தட்டிலிருந்து கனத்த ஃபைல்களை இறக்கிக் கொடுப்பதுதான். திங்கட்கிழமை துரை வந்து பார்த்து நிரந்தரமா இல்லையா என்று சொல்வார். "கை எழும்பாட்டி அடுத்த கப்பல்ல நாகப்பட்டினம்தான், தம்பி" என்றார் பெரிய கிராணி. மிரட்டலுக்குச் சொல்லவில்லை, பாவம், உள்ளதைச் சொன்னார்.

அண்ணன் தோளைப் பிடித்துப் பார்த்தார். கடை வாசல் நிலையில், ஆபீஸ் தட்டு எவ்வளவு உயரம் என்று கேட்டு, கரிக்கட்டியால் ஒரு கோடு போட்டார். "எட்டு ஈடு. சனிக்கிழமை நாலு, ஞாயித்துக்கிழமை நாலு. சூடு ஆறுறதுக்குள்ள கையை நிலையில வச்சு மெல்ல மெல்ல ஏத்தணும். இழுத்துப் பறிக்காத."

சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். நாலு ஈடும் பறந்தது. கை காதுவரை வந்தது. ஞாயிறு விடிந்ததிலிருந்து மழை, சந்தில் முழங்கால் தண்ணீர். ஒரு ஈ காக்கை கடைப்பக்கம் வரவில்லை. தின்ன ஆளில்லாவிட்டால் எனக்கு வைத்தியமில்லை.

என்னோடு தங்கியிருந்த ஆறு பேரும் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். முதல் ஈட்டை ஆளுக்கு நாலு என்று சிரித்துக்கொண்டே முடித்தார்கள். இரண்டாவதைப் பேசாமல் முடித்தார்கள். மூன்றாவதில், யாழ்ப்பாணத்துக் கந்தையா தட்டைத் தள்ளிவிட்டார். "எனக்கு இனி ஏலாது காணும். தொண்டை மட்டும் இட்லிதான் நிக்குது. உமக்கு ரெண்டு தோளும் பிடிச்சிருந்தா நாங்கள் செத்துப்போயிருப்பம்." மற்றவர்களும் பெஞ்சில் சாய்ந்துவிட்டார்கள். தட்டில் ஏழு இட்லி மிச்சம். என் கை கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது.

"இந்த ஒரு தடவை சட்டத்த விட்டுடுங்கண்ணே" என்றேன்.

"சோத்தக் கொட்டிட்டு வைத்தியமா? முடியாது."

எனக்கு வந்த கோபத்தில் அவரையே பானையில் வைத்து அவித்திருப்பேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், நிலையில் இருந்த கோட்டைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஏழையும் தின்றார். ஒவ்வொன்றுக்கும் விளக்கெண்ணெய் குடிக்கிற குழந்தைபோல முகம் போனது. கடைசியை விழுங்கிவிட்டு, "இவ்வளவு கேவலமாவா இருக்கு! தினம் எப்படித் தின்னு தொலைக்கிறீங்க?" என்று எழுந்து நாலாவது ஈட்டை ஏற்றினார். அந்தத் துணி தோளில் ஆறுவதற்குள் என் விரல் கரிக்கோட்டைத் தொட்டது.

திங்கட்கிழமை துரை பார்க்க, மேல் தட்டு ஃபைலை இறக்கினேன். வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். வேலை நிரந்தரம். சாயங்காலம் ஓட்டமாக ஓடி வந்தால், அண்ணன் பெஞ்சில் மல்லாந்து கிடக்கிறார். வயிற்றின் மேல் சிவப்புக் கட்டத் துணி.

"என்னண்ணே ஆச்சு?"

"ஏழு இட்லி லா. கல்லு மாதிரி உக்காந்திருக்கு. கை எட்டுச்சா?"

"எட்டுச்சுண்ணே."

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். "அப்ப இந்தத் துணி ஆறிப்போச்சு, மாத்து. பானையில ஒரு ஈடு வெந்திருக்கும். அத நீதான் திங்கணும்."

"இருபத்து நாலுமா?"

"உன் தோளுக்காக நான் தின்னல?"

ஊரில் என்னைப் பெற்றவர்களைத் தவிர எனக்காக யாரும் பிடிக்காததைத் தின்றதில்லை. வலது கையை உயர்த்தி, பானையின் மேல் தட்டிலிருந்து அடுத்த துணியை எடுத்து, முதலில் என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.