சரளாவின் கோபத்துக்குக் கூழ் வைத்தியம்

பெண்டாட்டியின் கோபத்தை ஒரே மாதத்தில் ஒழித்துக்கட்டுவது என்று முனிகிருஷ்ணன் சபதம் எடுத்தது, 2003-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். காரணம், பேப்பர். மனிதக் குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றனவாம். அவற்றுக்கும் மனசுக்கும் பேச்சுவார்த்தை உண்டாம். மோர், புளித்த கூழ் என்று உள்ளே போனால் நல்ல கிருமிகள் பெருகி, மனசும் அடங்கலாமாம்.

ஜீவனஹள்ளியே அவருடைய மீசைக்குப் பயந்தது. அவர் பயந்தது சரளாவுக்கு. சாயங்காலம் பேக்டரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சண்டை மூண்டுவிடும். ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே மகள் ரூபினி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு நாணு குடும்பத்திடம் அடைக்கலம் புகுந்துவிடுவாள்.

"சரளா வயித்துல எல்லாம் கெட்ட கிருமி, நாணு."

"இதை அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லேன்ப்பா."

"எனக்கென்ன பைத்தியமா?"

அதனால் தந்திரமாகப் போனார்.

"சரளா, பேக்டரி டாக்டரு என்னைத் தினம் ராகிக் கூழ் குடிக்கச் சொல்றாரு. தனியா குடிக்க ஒரு மாதிரியா இருக்கு. நீயும் கூட குடியேன்."

சரளா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "டாக்டரு பேக்கரி பப்ஸும் டீயும் வேணாம்னு சொல்லியிருப்பாரே?"

"சொ... சொன்னாரு."

"அப்போ அதையும் விடுங்க. நானும் குடிக்கிறேன்."

மறுநாள் முதல் காலையில் அவருக்குக் கூடத்தில் ஒரு சொம்பு, அவளுக்கு அடுப்படியில் ஒரு சொம்பு. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றால் முடியுமா? மீசையைக் கத்தரித்துக்கொண்டார். பப்ஸும் டீயும் கிளப்பிவந்த நெஞ்செரிச்சல் போயிற்று. வீட்டுக்கு வந்தால் சத்தமே இல்லை. ஒரு சாயங்காலம் உலகக் கோப்பை மேட்ச் பார்க்கும்போது ரூபினி அவர் தோளிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். மேட்ச் முடிந்தும் முனிகிருஷ்ணன் எழுந்திருக்கவில்லை. தோளை அசைக்காமலே இருந்தார்.

சபதத்தில் ஜெயித்த பெருமையை அடக்க முடியவில்லை. "பாத்தியா சரளா! கூழு உன்னை எப்படி மாத்திடுச்சு!"

"என்னையா? நான் ஒரு வாய் கூடக் குடிக்கலீங்களே. எனக்கு அது ஆகாது."

"அப்போ உன் கோபம்?"

"நீங்க நெஞ்செரிச்சலோட வந்து கத்துவீங்க, நான் பதிலுக்குக் கத்துவேன். இப்போ நீங்க கத்துறதில்ல. நான் மட்டும் செவுத்தோடயா கத்துறது?"

"டாக்டரு சொன்னாருன்னுதானே ஒத்துக்கிட்ட?"

"உங்க பேக்டரியில ஏதுங்க டாக்டரு?"

முன்பென்றால் சொம்பு பறந்திருக்கும். முனிகிருஷ்ணன் உள்ளே கோபத்தைத் தேடிப் பார்த்தார். அகப்படவில்லை. சிரிப்புத்தான் வந்தது. என்ன மூளைடா இவளுக்கு என்று மனசார வியந்தார்.

"சரி, இது நமக்குள்ளயே இருக்கட்டும் சரளா."

சொல்லி வாய் மூடவில்லை, நாணுவின் மனைவி பாத்திரத்தோடு வாசலில் நின்றாள்.

"அக்கா, எங்க வீட்டு மனுஷனுக்கும் ஒரு சொம்பு ஊத்துங்க. அண்ணனையே அடக்கிடுச்சாமே!"