எதிர்க்கட்சி நாற்காலி

"எந்தக் கட்சின்னே தெரியாத ஒருத்தரை எப்படிம்மா சிபாரிசு பண்றது?" என்று கிளாரிசாவிடம் கேட்டார் அவள் மேலதிகாரி ஹார்லன்.

பொது ராஜதந்திர ஆலோசனைக் குழுவில் ஓரிடம் காலி. உலக மக்களுக்கு அமெரிக்காவைப் பிடிக்கவைக்க யோசனை சொல்லும் குழு அது. ஆளுங்கட்சிக்கான இடங்கள் நிரம்பிவிட்டன. மிச்சமிருந்தது சட்டப்படி எதிர்க்கட்சிக்காரருக்கு. நியமனப் பிரிவிலிருந்த கிளாரிசா எழுதிக் கொடுத்த ஒரே பெயர், ஐலீன் புருவர்.

வெளிநாட்டு விருந்தினர்களை வீட்டுக்கு அழைத்து விருந்து வைப்பவர் ஐலீன். ஒருமுறை அவர்களைக் கொண்டுபோய் விட்ட கிளாரிசாவிடம், "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார். வாஷிங்டனில் அதுவரை யாரும் காத்திருந்ததில்லை.

"சாயங்காலத்துக்குள்ள தெரியலைன்னா என் கோல்ஃப் கூட்டாளி பேரைப் போட்டுடுவேன்," என்றார் ஹார்லன்.

ஐலீன் இருந்தது வர்ஜீனியாவில். வேறு பல மாநிலங்களில் வாக்காளர் பட்டியலிலேயே அவரவர் கட்சி இருக்கும்; அங்கே அதைப் பதிவதில்லை. பட்டியலைப் புரட்டிப் பயனில்லை. அந்த ஊர் எதிர்க்கட்சி ஆபீசுக்கு போன் போட்டாள் கிளாரிசா.

"ஐலீனா? நம்ம ஆளுதான்! கொட்டற மழையில எங்க கூட்டத்துக்குப் பலகாரம் சுமந்துக்கிட்டு வந்தாங்களே!"

எதற்கும் இருக்கட்டுமென்று ஆளுங்கட்சி ஆபீசையும் கேட்டாள்.

"எங்க ஐலீன் மேலயே சந்தேகமா? எங்க தேர்தல் போர்டு அவங்க தோட்டத்துலதானே நிக்குது!"

வேறு வழியில்லாமல் ஐலீனையே அழைத்தாள்.

"என்ன கண்ணு, குரல் சோர்ந்து கிடக்கு?"

போனை வைத்தபோது, தன் அம்மாவோடு பேச்சை நிறுத்தியதுவரை கிளாரிசா கொட்டித் தீர்த்திருந்தாள். மனசு லேசாயிருந்தது. கட்சியைத்தான் கேட்கவில்லை.

அதற்குள் ஹார்லன் ஓடிவந்தார். "ரெண்டு கட்சி செனட்டரும் 'எங்க ஆளு'ன்னு என்னைப் பிச்சுப் பிடுங்கறாங்க! உன் வேலைதானே? போடு போனை, என் முன்னாலயே கேளு!"

கிளாரிசா ஸ்பீக்கரில் போட்டாள். இம்முறை எடுத்தது ஐலீனின் கணவர் வாலஸ். "அவ விருந்தாளிங்களைக் கூட்டிக்கிட்டு வரப் போயிருக்கா. வான்கோழி அடுப்புல வேகுது."

"அக்டோபர்லயா? வான்கோழி சமைக்கற நன்றித் திருநாள் நவம்பர் கடைசியிலல்ல வரும்? இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்கே!" என்றார் ஹார்லன்.

"வந்தவங்க நவம்பர்வரைக்கும் இருக்க மாட்டாங்களே சார்," என்றாள் கிளாரிசா. "அவங்களுக்காக வருஷா வருஷம் பண்டிகையையே முன்னாடி இழுத்துக்கறாங்க."

ஹார்லனின் முகம் இளகியது. "இதைவிட நல்ல அமெரிக்கரை நான் எங்கே போய்த் தேடறது?"

கிளாரிசா போன் பக்கம் குனிந்து கேட்டாள். "சார், உங்க மனைவி போன தடவை எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டாங்க?"

"அவளுக்கு இங்க ஏதும்மா ஓட்டு?" வாலஸ் சிரித்தார். "அக்டோபர்ல வான்கோழி சமைக்கறவளைப் பார்த்துமா தெரியலை? நன்றித் திருநாளை அக்டோபர்லயே கொண்டாடற கனடாக்காரி!"