பன்னிரண்டு மக்கு மாணவர்கள்

"ஷர்ஷென் அத்தா தொடாம நாங்க எப்படித் தொடுறது?" என்று கேட்டாள் கிழவி புருல் அபா. மற்ற பத்துப் பேரும் "அதானே!" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

வாத்தியார் எர்மெக்குக்கு அழுகையே வந்துவிட்டது. கொச்கோர் நூலகத்துப் பின்னறையில் பன்னிரண்டு கிழடுகள், ஆளுக்கொரு டேப் கணினி. சோதனை போடத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஓர் அம்மாள் பத்து மணிக்கு வருகிறாள். அதற்குள் ஒருமுறையாவது ஒத்திகை பார்த்துவிடலாம் என்று எட்டு மணிக்கே எல்லோரையும் வரவழைத்திருந்தான். மூத்தவர் கை வைக்காமல் விருந்தில் யாரும் கை வைப்பதில்லைதான். அதற்காக டேப்பிலுமா?

போன வருஷம் எர்மெக் மாஸ்கோவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். செங்கல் சுமக்கிற வேலை. அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. கொச்கோரில் முதியோருக்கு டேப், கைபேசி, இணையம் எல்லாம் பழக்க நிதி ஒதுக்கியிருக்கிறோம், ஆசிரியர் நீங்கள்தான் என்று எழுதியிருந்தது. "பிஷ்கெக் வரைக்கும் என் பேரு தெரிஞ்சிருக்கு பாரு!" என்று பெண்டாட்டியிடம் பீற்றிக்கொண்டே பெட்டியைப் பிரித்தான்.

இன்றைக்குப் பத்துப் பேராவது தேறினால் இன்னொரு வருஷம் வகுப்பு உண்டு. இல்லாவிட்டால் மறுபடியும் பெட்டி, மறுபடியும் செங்கல். பெண்டாட்டியும் இரண்டு குழந்தைகளும் இங்கே, அவன் அங்கே. இதை மாணவர்களிடம் அவன் மூச்சு விடவில்லை. பயந்துபோனால் தெரிந்த அரைகுறையும் மறந்துபோகுமே! "சின்னப் பரீட்சைதான். தேறிட்டா கையில சான்றிதழ், அதோட வகுப்பு முடிஞ்சுது, நிம்மதியா வீட்டுக்குப் போகலாம்" என்று மட்டும் சொல்லிவைத்தான்.

ஷர்ஷென் அத்தாதான் அங்கே மூத்த தாத்தா, எண்பத்தொன்பது வயது. கம்பளித் தொப்பிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். எர்மெக் அவர் முன்னால் மண்டியிட்டான்.

"அத்தா, ஒரே ஒரு விரல் வைங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

"நல்ல காரியமாச்சே. ஆசி சொல்லாம ஆரம்பிக்கலாமாடா?"

"சுருக்கமா சொல்லுங்க அத்தா."

அத்தா உள்ளங்கைகளை விரித்தார். எல்லோரும் விரித்தார்கள். டேப்புகள் நன்றாக இருக்கட்டும் என்றார். அவற்றைச் செய்தவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், ஊர் ஆடுகள், ஆடுகளுக்கான புல், புல்லுக்கான மழை, எர்மெக்குக்கு இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகள் என்று ஒன்றையும் விடவில்லை. ஒருவழியாக "ஓமீன்!" என்று எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டு, அத்தாவும் ஒரு விரலை வைத்தபோது டேப்புகள் இருண்டுபோய், பாஸ்வேர்டு கேட்டன.

"பாஸ்வேர்டு எழுதின தாளைச் சுவத்துல ஒட்டியிருந்தேனே, எங்க அது?"

"அதுவா?" என்றாள் புருல் அபா. "அடுப்பு பத்தவே மாட்டேன்னுது தம்பி. நீதானே குளிருதுன்னு சொன்னே?"

ஒவ்வொரு டேப்புக்கும் ஒரு பாஸ்வேர்டு. பாதுகாப்பு முக்கியம், பாதுகாப்பு முக்கியம் என்று வாரக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியவன் இவனேதான். அவனுக்கு நன்றாக வேண்டும்!

"யாரும் எதையும் அழுத்தாதீங்க!" என்று அலறினான்.

யார் கேட்டார்கள்? அதுதான் ஆசி சொல்லி, அத்தாவும் தொட்டாயிற்றே. பன்னிரண்டு பேரும் வாய்க்கு வந்ததையெல்லாம் குஷியாக அழுத்தினார்கள். ஐந்தே நிமிஷத்தில் பன்னிரண்டு டேப்பும் 'அரை மணி நேரம் கழித்து முயலவும்' என்று பூட்டிக்கொண்டன.

மணி ஒன்பதேகால். எர்மெக்குக்கு வேறு வழி தெரியவில்லை. தன் கைபேசியை எடுத்துக்கொண்டு புத்தக அலமாரிக்குப் பின்னால் போனான். பன்னிரண்டு பேருடைய பரீட்சையையும் தானே எழுதி அனுப்பினான். திருட்டுக் காரியமென்றால் கை என்னமாய் ஓடுகிறது! கடைசித் தாளும் போன பிறகுதான் கவனித்தான். பிறந்த ஆண்டு என்று கேட்ட இடத்திலெல்லாம் தன் ஆண்டையே போட்டிருக்கிறான்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. சோதனை அம்மாள் சால்கின், பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து நின்றாள்.

"அட, எல்லாரும் எழுதி அனுப்பிட்டீங்களா?" என்று தன் கைபேசியைப் பார்த்தவள் புருவத்தைச் சுருக்கினாள். "இதென்ன, பன்னிரண்டு பேருக்கும் முப்பத்தெட்டு வயசுன்னு இருக்கு?"

எர்மெக் தன் கைபேசியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"கொச்கோர் காத்து அப்படி மகளே," என்றாள் புருல் அபா. "இங்க யாருக்கும் வயசே ஏறாது."

சால்கின் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தாள்.

"இது செல்லாது. என் கண்ணு முன்னால திரும்ப எழுதுங்க. பத்துப் பேராவது தேறலைன்னா இன்னியோட வகுப்பை மூடிடுவோம்."

எர்மெக் மனசுக்குள் செங்கல் எண்ண ஆரம்பித்துவிட்டான்.

தொப்பிக்குள்ளிருந்து ஒரு கண் திறந்தது. "என்னம்மா சொன்னே? தேறினா மூடுவீங்களா, தேறலைன்னா மூடுவீங்களா?"

"தேறலைன்னாதான் தாத்தா. தேறினா இன்னும் ஒரு வருஷம் நடக்கும்."

பன்னிரண்டு தலைகளும் எர்மெக் பக்கம் திரும்பின.

"அட மடப்பயலே!" என்றாள் புருல் அபா. "இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? நாங்க பாட்டுக்கு தேறாம போறதுக்கு காலையிலேருந்து பாடுபட்டுக்கிட்டிருக்கோம்!"

ஷர்ஷென் அத்தா டேப்பை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பூட்டு விட்டிருந்தது. பாஸ்வேர்டை ஒரே மூச்சில் அடித்துத் திறந்தார். அவர் தொட்டாரோ இல்லையோ, மற்ற பதினொன்றும் படபடவென்று திறந்துகொண்டன. அதற்குப் பிறகு விரல் தட்டும் சத்தம்தான். தகவலைத் தேடினார்கள், போலிச் செய்தியைக் கண்டுபிடித்தார்கள், படம் எடுத்து அனுப்பினார்கள். ஒரு கிழவர் எழுதி முடித்துவிட்டுச் சதுரங்கம் ஆட ஆரம்பித்திருந்தார். எதிரி எந்த நாட்டுக்காரனோ!

"மகளே, ஏழாவது கேள்வியில நீ கொடுத்த இணைப்பு வேலை செய்யல," என்றாள் புருல் அபா. "சரியானதைத் தேடி உனக்கு அனுப்பியிருக்கேன், பாத்துக்கோ."

எர்மெக் திறந்த வாயை மூடவில்லை. டேப்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்று இந்தப் புருல் அபாவுக்கு மூன்று மாதம் சொல்லிக்கொடுத்தவன் அவன்!

பன்னிரண்டு பேருக்கும் முழு மதிப்பெண். சால்கின் இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. கொச்கோர்ல பாவம் பன்னிரண்டு முதியவங்க, ஒண்ணுமே தெரியாதவங்க, உடனே எர்மெக்னு ஒரு வாத்தியாரைப் போடுங்கன்னு எங்க இணையதளத்துல உருக்கமா விண்ணப்பம் போட்டிருந்தாங்களே, அது யாரு?"

"நாங்கதான் மகளே," என்றார் ஷர்ஷென் அத்தா. "எங்க பிள்ளைங்க அத்தனை பேரும் மாஸ்கோ போயாச்சு, தெருவுல மிச்சமிருக்கிற இந்த ஒருத்தனையாவது பிடிச்சு வெச்சுக்க வேண்டாமா?"