ஐந்துக்கும் டிக் போட்ட கதை

என் அப்பாவையும் அம்மாவையும் பிரித்து வைத்த புண்ணியவான் நான்தான். அதற்குப் பயன்பட்டது நான் எழுதிய ஒரு புரோகிராம்.

தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம். நெல்லியாளம் பக்கம் அவர்கள் வேலை பார்த்த எஸ்டேட்டை மூடினார்கள். அதே கம்பெனியின் வேறு ஐந்து எஸ்டேட்டுகளுக்கு ஆட்களை மாற்றுவதாக ஏற்பாடு. ஒவ்வொருவரும் இரண்டுக்கு மட்டும் டிக் போட வேண்டும். அதில் ஒன்று கிடைக்கும். பக்கத்துப் பக்கத்து எஸ்டேட்டாகப் போட்டால், புருஷன் ஒன்றிலும் மனைவி ஒன்றிலும் விழுந்தாலும் நடந்து போகும் தூரம்தான்.

இதற்கான இணையப் படிவம் எழுதும் வேலை, கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் குன்னூரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த எனக்கு வந்தது. ("சும்மா" என்பதை வீட்டில் சொல்லியிருக்கவில்லை.)

"ரெண்டுக்கு மேல போட்டுட்டா?" என்று கேட்டார், ஆட்கள் தாளில் போடும் டிக்குகளைப் பார்த்து டைப் செய்ய வேண்டிய கிளார்க்.

"கம்ப்யூட்டரே ஏத்துக்காதுண்ணே. நீங்க பாட்டுக்கு அடிங்க."

நான் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க் என்ற ஆயத்த மென்பொருள், முதலில் ஆளின் விவரத்தைச் சேமிக்கும். அவருடைய டிக்குகளை அதன் பிறகுதான் வேறொரு அட்டவணையில் எழுதும். மேதாவியான நான் என் சோதனையை இரண்டுக்கும் நடுவில் வைத்திருந்தேன். புது ஆள் எத்தனை டிக் போட்டாலும் அந்த இடத்தில் எண்ணினால் பூஜ்யம். பூஜ்யம் இரண்டைத் தாண்டவில்லையே, போகலாம் என்று விட்டுவிடும். நான் சோதித்துப் பார்த்ததோ, முன்பே மூன்று டிக்கோடு சேமித்து வைத்திருந்த ஆளை. அவருடைய டிக்குகள் ஏற்கெனவே அட்டவணையில் இருந்ததால், அழகாகச் சிவப்பில் பிழை வந்தது. திருப்தியாக டீ குடிக்கப் போய்விட்டேன்.

தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அத்தனை பேரும் ஐந்துக்கும் டிக் போட்டார்கள். "ரெண்டு போட்டா, மத்த மூணும் வேணாம்னு தொரைகிட்ட சொன்ன மாதிரி ஆயிராதா? அப்புறம் வேலையே இல்லன்னுட்டா?" என்றார் அப்பா பிற்பாடு. கிளார்க் அப்படியே அடித்திருக்கிறார். ஒவ்வொருவருக்கும் பச்சையில் 'ஏற்கப்பட்டது' என்று வந்ததாம்.

எங்கே அனுப்பினாலும் சம்மதம் என்று எல்லோரும் சொன்னதாக எடுத்துக்கொண்ட புரோகிராம், காலி இருந்த இடமெல்லாம் ஆட்களை இறைத்தது. அப்பாவுக்குக் குந்தா பக்கம். அம்மாவுக்கு நாடுகாணி பக்கம். நான் ஆபீசுக்கு ஓடி, தப்பு என்னுடையது என்று அழாத குறையாகக் கெஞ்சினேன்.

"லெட்டர் போயாச்சுங்க தம்பி. போகாதவங்களுக்கு வேலை இல்லைங்க" என்றார் மேனேஜர்.

அம்மா பாத்திரங்களை இரண்டாகப் பிரித்தாள். "உங்கப்பாவுக்குச் சோறு வடிக்கத் தெரியாது. குக்கர் அவருக்கு" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. நான்கு வருஷம், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடலூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் சந்தித்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் அவர்களைக் காதல் ஜோடி என்று கிண்டல் செய்வாராம்.

இப்போது இருவரும் என்னோடுதான் இருக்கிறார்கள். போன மாதம் அவர்கள் ராமேஸ்வரம் போக, போனில் ரயில் டிக்கெட் போட உட்கார்ந்தேன்.

"ஏங்க, அவன அடிக்க விடாதீங்க!" என்று அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள். "எனக்கு உங்க கூட ஒரே பொட்டியில போவணும்."

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்து, போனை என் கையிலிருந்து வாங்கி என் மகளிடம் கொடுத்தார்.