நாலு நிமிஷம் பன்னிரண்டு செகண்ட்

கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்ச்சால் கம்ப்யூட்டரை அளந்த மனிதர் பெங்களூரில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். ஈஜிபுராவில் ஒரு தனியார் பள்ளியின் பி.டி. மாஸ்டர் அவர். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. விசில் மாஸ்டர், அவ்வளவுதான்.

நான் டிகிரி முடித்த கையோடு அங்கே கம்ப்யூட்டர் மிஸ். ஏதோ ஓர் ஆபீஸ் வேண்டாமென்று கொடுத்த பத்து பழைய மெஷின்கள், ஜன்னலுக்குத் திரை, வாசலில் 'செருப்பைக் கழற்றவும்' போர்டு. கோயில் மாதிரி. முதல் நாள் ஸ்விட்சைப் போட்டதும் பின்னால் 'டிக்' என்று சத்தம். திரும்பினால் மாஸ்டர், வெறுங்காலுடன், கையில் ஸ்டாப்வாட்ச். திரை முழுதாக வந்ததும் இன்னொரு 'டிக்'.

"நாலு நிமிஷம் பன்னெண்டு செகண்டு. ஏம்மா, இதுக்கு உடம்பு சரியில்லையா?"

"நூறு மெகாஹெர்ட்ஸ் பிராசசர் மாஸ்டர் இது."

"அதெல்லாம் பனியன்ல எழுதியிருக்கிற நம்பரும்மா. ஓடவிட்டுத்தான் பாக்கணும்."

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் இருந்தது. "ஓடுறவனுக்கு எதுக்கும்மா ஸ்வெட்டரு?" என்று மெஷின்களின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்ற வைத்தார். பேப்பரில் லேப்டாப் விளம்பரத்தைப் பார்த்து, "மடிச்சே வெச்சா தசை புடிச்சிக்கும்" என்று பரிதாபப்பட்டார். எப்போதும் கடைசியாக விழிக்கும் பத்தாம் நம்பரை மட்டும் தட்டிக்கொடுப்பார்: "பூசின உடம்பு. மெதுவா வரட்டும்."

அப்புறம்தான் எச்.எம். மேடத்தின் உத்தரவு வந்தது: ஆறாம் வகுப்பின் புதன், வெள்ளி விளையாட்டு பீரியட் இனி கம்ப்யூட்டருக்கு. அந்தப் பிள்ளைகளுக்கு வாரத்தில் இருந்ததே அந்த இரண்டுதான். மாஸ்டர் இரண்டு நாள் விசிலே ஊதவில்லை. மூன்றாம் நாள் தன் டைமிங் நோட்டோடு எச்.எம். அறைக்குள் நுழைந்தார், சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு.

"மேடம், மெஷின் எந்திரிக்க நாலு நிமிஷம் பன்னெண்டு செகண்டு. அதுவரைக்கும் பசங்க கையக் கட்டிக்கினு அதோட மூஞ்சியப் பாத்துனு உக்காந்திருக்காங்க. அதுக்குள்ள கிரவுண்டை மூணு ரவுண்டு சுத்திட்டு வந்துடுவாங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்க்ரீன் வர்றப்போ எல்லாரும் சீட்ல இருக்கணும் மாஸ்டர். இல்லேன்னா ஓட்டம் கட்."

அன்று முதல் மாஸ்டர் விசில் ஊதியதும் நான் பத்து ஸ்விட்சையும் போடுவேன். நாற்பது பிள்ளைகள் பாய்வார்கள். "பேகா, பேகா!" என்று கன்னடத்தில் 'சீக்கிரம்' சொல்லி விரட்டுவார். "பத்தாம் நம்பர் முழிச்சிக்கிச்சு!" ஒரு நாள்கூடத் தோற்கவில்லை. நாற்பது ஜோடி சாக்ஸின் வாசனையில்தான் நான் பாடம் நடத்தினேன்.

எனக்கோ சும்மா இருக்கத் தெரியாத வயது. எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் அலைந்து கூடுதல் மெமரி வாங்கி வந்து மாட்டினேன். வேண்டாத புரோகிராம்களையெல்லாம் துடைத்தேன். மாஸ்டர் அசந்துபோகட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். புதன்கிழமை விசில் ஒலித்தது. ஒரு நிமிஷம் ஐம்பது செகண்ட்! பிள்ளைகள் இரண்டாவது ரவுண்டில் இருக்க, பத்துத் திரைகளும் பளிச்சென்று விழித்துக் காலி நாற்காலிகளைப் பார்த்தன. வராந்தாவிலிருந்து மேடமும் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை ஒரு சான்ஸ் மாஸ்டர். அதோட சரி."

மாஸ்டர் வாட்ச்சைப் பார்த்தார். "சபாஷ்மா! என்னா டைமிங்!" மனசாரத்தான் சொன்னார். சொல்லிவிட்டு விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வியாழன் முழுக்க உட்கார்ந்து, மெஷின் விழிக்கும்போதே தானாகத் திறக்கும்படி அகராதி, உலக வரைபடம், நீந்தும் மீன்கள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஏற்றினேன். வெள்ளிக்கிழமை நாலு நிமிஷம் இருபது. எல்லாப் பிள்ளைகளும் சீட்டில்.

"என்னம்மா, ஃபார்ம் போயிடுச்சா?"

"ஆமா மாஸ்டர்."

என்னையே ஒரு கணம் பார்த்தார். அந்த டைமிங்கை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

இப்போது எனக்கு வைட்ஃபீல்டில் வேலை. புரோகிராம்களை வேகமாக்குவதற்குத்தான் சம்பளம். பள்ளிக்குத் திங்கட்கிழமை புது கம்ப்யூட்டர்கள் வருகின்றனவாம். முப்பத்தைந்து செகண்டில் எழுந்துவிடுமாம். செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிவிட்டேன். பையில் ஆறு சி.டி. நிறைய மீன்களும் வரைபடங்களும் இருக்கின்றன. முப்பத்தைந்து செகண்டை நாலு நிமிஷமாக்குவது லேசான காரியமில்லை. ஆனால் மாஸ்டர் ரிட்டயராக இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதே.