பெண் எலிகளின் கல்லீரல்

பெண்குலத்துக்கு இதுவரை கிடைத்த நற்செய்திகளிலேயே மகத்தானது, 1984-ஆம் ஆண்டு அதியமான்கோட்டைப் பக்கம் ஓர் எலிக்கூண்டிலிருந்து வெளிவந்தது.

அங்கிருந்த தீவன ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் டாக்டர் ராஜாமணி, பூசணம் பிடித்த நிலக்கடலையை ஆண் எலிகளுக்கும் பெண் எலிகளுக்கும் மாதக்கணக்கில் போட்டுப் பார்த்தார். பூசண நஞ்சில் ஆண் எலிகளின் கல்லீரல் நாசமானது. பெண் எலிகளின் கல்லீரலோ புத்தம் புதிதாக இருந்தது. "பெண்மையின் பேராற்றல்" என்று அறிக்கைக்குத் தலைப்பு வைத்து, அவர் தானே கண்கலங்கினார்.

அறிவியலே வாய் திறந்தபின் நிலையத்தின் 'ஊட்டச்சத்து உயர்மட்டக் குழு' சும்மா இருக்குமா? கிடங்கில் நனைந்து பூசணம் பூத்த கடலை மூட்டைகளை மாணவியர் விடுதிக்கு அன்பளிப்பாகத் தர முடிவெடுத்தது.

ஆராய்ச்சி உதவியாளர் ஷகிலாவுக்குத்தான் இது சரியாகப் படவில்லை. அவள் தங்கை அக்தர் அந்த விடுதியில்தான் தங்கிப் படிக்கிறாள். ஷகிலா நேரே எலிக்கூண்டுக்குப் போனாள். தீனி போடும் பணியாளன் மாது, ஆண் எலிகளின் கூண்டருகே பந்தி விசாரிப்பவனைப் போல நின்றிருந்தான்.

"என்ன மாதுண்ணா, பொட்டை எலிங்களுக்கு இன்னும் தீனி வெக்கலயா?"

"ஆம்பளைங்க இன்னும் முடிக்கலீங்களே மேடம். இவங்க தின்னு மீந்தத அந்தப் பக்கம் வெப்பனுங்க."

"மீந்தது பத்துமா?"

"பாதி வயிறு ரொம்புங்க. எங்க வூட்லயும் அப்படித்தானுங்க. பொம்பளைங்க ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

ஷகிலாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பேராற்றலாவது ஒன்றாவது. அரை வயிற்றுக்குத் தின்றவற்றின் ஈரலுக்கு நஞ்சும் குறைவாகத்தானே போயிருக்கும்?

மறுநாள் குழு கூடியபோது எழுந்து நின்று சொன்னாள்: "பொட்டை எலிங்க வெஷத்தத் தாங்கலீங்க சார். அதுங்களுக்குத் தீனியே சரியாக் கெடைக்கல. இந்தப் பூசணம் புடிச்ச கல்லக்காயப் போட்டா நம்ம பொண்ணுங்க ஈரல் போயிடுங்க."

தவறு தெரிந்தால் உடனே திருத்திக்கொள்வதுதான் பெரியவர்களுக்கு அழகு. இயக்குநர் திருத்திக்கொண்டார்.

"ஆக, கொறச்சலாச் சாப்பிட்டா ஆபத்தில்ல. அதானம்மா சொல்ற?"

உடனே தீர்மானம் எழுதப்பட்டது: 'மாணவியரின் கல்லீரல் நலன் கருதி, மேற்படி கடலை அவர்களுக்கு இனி அரை வயிற்றுக்கு மட்டுமே வழங்கப்படும்.'

"கெடங்குல நல்ல கல்லக்காயும் இருக்குதுங்களே சார். அதக் குடுக்கலாமில்லீங்களா?" என்றாள் ஷகிலா.

"அது பசங்க விடுதிக்கும்மா. ஆம்பளை ஈரல் எவ்ளோ பலவீனம்னு நாமதான நிரூபிச்சிருக்கோம்."

குழுவினர் அனைவரும் கைதட்டினார்கள். தட்டிய அத்தனை பேரும், வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள்.